மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கிறது?

வேலூர் வெயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் பிற்பகல் இரண்டு மணியைப் பற்றியே பேசுகிறார்கள். தொலைக்காட்சியில் அன்றைய வெப்பநிலையைச் சொல்லும்போது காட்டுவதும் அந்த நேரத்துச் சாலையைத்தான். முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் போகும் பெண்கள், ஒரு தர்பூசணிக் கடை, ஆள் இல்லாத பஸ் நிறுத்தம். விடுதியின் மேல்மாடியில் இருந்தவர்களைக் கேட்டால் வேறு நேரம் சொல்வார்கள். இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை. பொழுது சாய்ந்து வெகுநேரம் ஆகியிருக்கும். வெளியே வேப்பமரம் அசையும். வாசலில் வாட்ச்மேன் தாத்தா நாற்காலியைப் போட்டுக்கொண்டு சுகமாகக் காற்று வாங்குவார். மேல்மாடி அறைக்குள் மட்டும் வெக்கை குறையாது. சுவர் சுடும், கட்டிலின் இரும்புச் சட்டம் சுடும், தலையணையைத் திருப்பிப் போட்டால் அந்தப் பக்கமும் சுடும்.

என் சித்தி மகள் இந்த ஆண்டு அதே ஊரில் ஒரு கல்லூரி விடுதியில் சேர்ந்திருக்கிறாள். ஏ.சி. கிடையாது. அறை கிடைத்திருப்பது மேல்மாடியில். "அக்கா, எந்த ஏர் கூலர் வாங்கலாம்?" என்று கேட்டாள். நான் பொறியியல் படித்ததும் வேலூருக்கு வெளியே ஒரு பெண்கள் விடுதியின் மேல்மாடியில் இருந்துதான். இப்போது என் வேலையே கட்டடங்களுக்குள் காற்றும் வெப்பமும் எப்படிப் போய்வருகின்றன என்று கணக்குப் போடுவது. ஆகவே ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. தொலைபேசியில் சொன்னதில் பாதி அவளுக்குப் போய்ச் சேரவில்லை என்று தோன்றியதால் எழுதிவிடுகிறேன்.

முதலில் எதிரி யார் என்று தெரிய வேண்டும். எதிரி தலைக்கு மேலே இருக்கிறது, கான்கிரீட் தளம். நம் ஊர் விடுதிகளில் தளத்தின் கனம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். இரண்டு பேர் தங்கும் அறை 12 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நம் தலைக்கு மேல் தொங்கும் கான்கிரீட்டின் எடை மட்டும் சுமார் மூன்றரை டன். காற்று 40 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது, வெயிலை நேராக வாங்கும் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி வரை போகும். அந்தச் சூடு உடனே கீழே வருவதில்லை. கான்கிரீட்டுக்குள் மெதுவாக ஊர்ந்து, மூன்று, நான்கு மணி நேரம் கழித்து அறையின் உட்கூரைக்கு வந்து சேர்கிறது. மதிய வெயிலின் உச்சம் நம் அறைக்குள் நுழைவது மாலை ஐந்து, ஆறு மணிக்கு. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் வெகுநேரம் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். இது மூன்றரை டன் தோசைக்கல்.

அந்தத் தளம் வழக்கத்தைவிட 10 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதற்குள் சேரும் வெப்பம் எட்டு யூனிட் மின்சாரத்துக்கு மேல். ஒரு கிலோவாட் ஹீட்டரை எட்டு மணி நேரம் ஓடவிட்டதற்குச் சமம். அதில் ஒரு பகுதி மேலே வானத்துக்குப் போகிறது. மிச்சம் கீழே, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் தலையில் இறங்குகிறது. பருவத்தேர்வுகள் ஏப்ரலிலும் மே மாதத்திலும் வருவது யார் செய்த ஏற்பாடோ தெரியவில்லை. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மாதக் கடைசி வரை நீளும் அக்னி நட்சத்திரத்துக்குள் எங்களுக்கு இரண்டு தாளாவது மாட்டிக்கொள்ளும்.

இதைப் புரிந்துகொண்டால் மின்விசிறியின் மேல் உள்ள கோபம் கொஞ்சம் குறையும். அது காற்றைக் குளிரவைப்பதில்லை, நகர்த்துகிறது. நகரும் காற்று நம் வியர்வையை உலர்த்துகிறது, அந்த உலர்தல்தான் நம்மைக் குளிரவைக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் உடலிலிருந்து ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுப்புறம் உடம்பைவிடச் சூடாக இருந்தால் அதற்கு வியர்வையைத் தவிர வேறு வழியில்லை. எனவே வேலூர்ப் பிற்பகலில் உலர்ந்த உடம்போடு மின்விசிறிக்குக் கீழே படுப்பது சூளைக் காற்றில் படுப்பதுதான். கழுத்திலும் கைகளிலும் தண்ணீரைத் தடவிக்கொண்டு படுத்தால் அதே மின்விசிறி வேறு பொருளாகிவிடும். காற்று 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறியை நம்ப வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்த நேரத்தில் தரைத்தளத்துக்கோ நூலகத்துக்கோ இறங்கிப் போய்விடுவதே நல்லது.

மேல்மாடியில் கூரை மின்விசிறிக்கு இன்னொரு குணமும் உண்டு. உட்கூரையை ஒட்டித் தேங்கியிருக்கும் சூடான காற்றைப் பிடித்து நம் மேல் தள்ளும். மாலையில் அறைக்கு வந்தவுடன் அதை முழு வேகத்தில் சுழலவிடுவது எல்லோரும் செய்கிற காரியம். எங்கள் அறையில் ஒரு பழைய மேசை விசிறி இருந்தது, முந்தைய ஆண்டு அக்காக்கள் விட்டுப் போனது. வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்துவிட்டது என்று தெரிந்தவுடன், ஏழரை மணி வாக்கில், அதை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைப்போம். அறைக்குள் இருக்கும் காற்றை அது வெளியே துரத்தும், எதிரே கதவு வழியாகத் தாழ்வாரத்துக் காற்று உள்ளே வரும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். "வெளியே இருக்கிற வேப்பமரத்துக்கு விசிறிவிடுகிறீர்களா?" என்று பக்கத்து அறை அக்கா கேட்டார். அரை மணி நேரம் கழித்து அவரே எங்கள் அறைக்குப் படிக்க வந்தார்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் உடனே மின்னழுத்தத்தைக் குறை சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் காரணம் உள்ளே இருக்கும் கண்டென்சர், மோட்டார் சுழல உதவும் சின்ன மின்பாகம். சாதாரணக் கூரை மின்விசிறிக்கு 2.5 மைக்ரோஃபாரட் என்று கேட்டால் எந்த மின்சாதனக் கடையிலும் கிடைக்கும். ஒரு தட்டுச் சாப்பாட்டுக் காசுதான் ஆகும். அது பழையதாகி வலுவிழந்தால் விசிறி ஐந்தாம் எண்ணில் வைத்தாலும் இரண்டாம் எண்ணின் வேகத்தில்தான் சுற்றும். எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் "விசிறி ஓடவில்லை" என்று சொன்னால் வந்து பார்த்து, ஓடுகிறதே என்று சொல்லிப் போய்விடுவார். "கண்டென்சர் மாற்ற வேண்டும்" என்று சொன்னால் கையோடு கொண்டுவருவார். விடுதி வாழ்க்கையில் நான் கற்ற மிகப் பயனுள்ள சொல் அது. இப்போது வருகிற, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பிஎல்டிசி மோட்டார் விசிறிகள் 30 வாட் அளவில் ஓடுகின்றன, பழையவை 75 வாட். அந்த 75 வாட்டும் கடைசியில் அறைக்குள்தான் வெப்பமாக இறங்குகிறது. ஆள் இல்லாத அறையில் விசிறியை ஓடவிட்டுப் போவது அறையைக் குளிரவைக்கும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வேலூருக்கு ஒரு நல்ல குணம் உண்டு என்று சொன்னால் அங்கே இருந்தவர்கள் அடிக்க வருவார்கள். நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் ஊர். சுற்றிலும் மொட்டைப் பாறை. பாலாற்றில் கோடையில் மணல்தான் ஓடும். ஆனால் அந்தக் காற்று வறண்ட காற்று. பிற்பகலில் 40 டிகிரி இருந்தாலும் ஈரப்பதம் 25 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் ஒரு ஈரத்துணி தன்னைத்தானே 24 டிகிரி வரை குளிர்வித்துக்கொள்ளும். சென்னையில் 35 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்றால் அதே துணி 29-க்குக் கீழே இறங்காது. ஏர் கூலர், ஈரப் போர்வை, ஜன்னலில் நனைத்துத் தொங்கவிடும் வெட்டிவேர்த் தட்டி, மண்பானை எல்லாமே இந்த ஒரே கணக்கில் ஓடுகின்றன. வறண்ட ஊரில் இவை பலிக்கும், கடற்கரை ஊரில் அறையைப் புழுக்கமாக்கும். சென்னைவாசிகள் "ஏர் கூலர் வீண்" என்று சொல்வதும் வேலூர்வாசிகள் "அது இல்லாமல் முடியாது" என்று சொல்வதும் இரண்டும் உண்மை.

ஆகவே ஜன்னலில் பழைய பருத்திப் புடவையை நனைத்துக் கட்டினோம். வீட்டிலிருந்து அம்மாவின் புடவை ஒன்று வந்தது. அதை நான்காக மடித்து, அடியில் ஒரு வாளியை வைத்து, கீழ் நுனி தண்ணீரில் தொடும்படி விடுவோம். துணி கொஞ்ச தூரம் தானே தண்ணீரை உறிஞ்சி ஏறும். மேல்பாதியை மட்டும் அவ்வப்போது நனைத்தால் போதும். காற்று வரும் பக்கத்து ஜன்னலில்தான் கட்ட வேண்டும். காற்று வெளியே போகும் பக்கத்தில் கட்டினால் துணிதான் குளிரும், நாம் குளிர மாட்டோம்.

இதற்கெல்லாம் தண்ணீர் வேண்டும். அங்கேதான் சிக்கல். மொட்டைமாடியில் வெயிலில் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து மாலை ஆறு மணிக்கு வரும் தண்ணீரில் தேநீர் போடலாம். நள்ளிரவு வரை அது ஆறாது. அதனால் விடிகாலையில், தொட்டி குளிர்ந்திருக்கும்போது, வாளிகளைப் பிடித்துக் குளியலறை நிழலில் வைத்துவிட வேண்டும். இரவுக் குளியலுக்கான வாளி அது. ஒவ்வொரு வாளியிலும் அறை எண் பெயிண்டால் எழுதியிருக்கும். அதை மீறி எடுத்துப் போகிறவர்கள் உண்டு. வாளித் திருட்டு எங்கள் விடுதியில் நடந்த குற்றங்களிலேயே பெரியது. அதற்காக இரண்டு அறைகள் ஒரு பருவம் முழுக்கப் பேசிக்கொள்ளாமல் இருந்தன.

குன்னூரிலிருந்து வந்த ஒரு தோழி முதல் மாதம் அழுதுகொண்டே இருந்தாள். சேர்ந்தது ஜூனில். அக்னி நட்சத்திரம் முடிந்தால் வெயில் முடிந்தது என்று யாரோ அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். வேலூரில் ஜூனிலும் 37, 38 டிகிரி சாதாரணம். மனித உடம்பு புதிய வெப்பத்துக்குப் பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும், இதயத்துடிப்பு நிதானமாகும். அதுவரை அவளை வெயிலில் அலையவிடக் கூடாது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவளே கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று இருந்தது. பாதங்களை ஒரு வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு படிப்பாள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோலுக்கு அடியில் வெப்பத்தை வெளியே தள்ளுவதற்கென்றே அமைந்த ரத்தநாளங்கள் இருக்கின்றன என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். தேர்வு நெருங்கினால் தாழ்வாரம் முழுக்க வாளிக்குள் கால்கள். அம்மாக்களிடம் மட்டும் சொல்ல மாட்டோம். தலைக்கு நீர் கோத்துக்கொள்ளும், சளி பிடிக்கும் என்று அங்கிருந்தே கத்துவார்கள். ஈரத்தலையோடு படுப்பதும் அவர்களிடம் சொல்லாத இன்னொன்று.

இனி சாவி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கல்லூரியின் ஆண்கள் விடுதியில் ஏப்ரல் வந்தால் மொட்டைமாடி நிறையப் பாய்கள் விரிந்துவிடும். பத்து மணிக்கு மேல் தளத்தின் மேற்பரப்பு வானத்தை நோக்கித் தன் சூட்டை விட்டுவிட்டிருக்கும். ஒரு வாளித் தண்ணீரைத் தெளித்து, கோரைப்பாயை விரித்தால் அறையைவிட எவ்வளவோ மேல். சட்டை இல்லாமல், லுங்கியைத் தொடைக்கு மேல் மடித்துக்கொண்டு படுப்பார்கள். எங்கள் விடுதியில் மொட்டைமாடி துணி காயப்போட மட்டும். மாலை ஆறு மணிக்குப் பூட்டு. சாவி வார்டன் மேடத்தின் மேசையில். சாலைப் பக்கத்து ஜன்னல்களின் கீழ்க் கதவுகளை ஆணி அடித்து மூடியிருந்தார்கள், வெளியிலிருந்து யாரும் பார்க்கக் கூடாதாம். இரவு அறைக்கு வெளியே நைட்டியோடு நடந்தால் துப்பட்டா போட வேண்டும். பாதுகாப்பு என்று ஒரே சொல்லில் எல்லாவற்றுக்கும் பதில் வரும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போக இரண்டு திறப்புகள் வேண்டும். எங்களுக்குக் கொடுத்தது ஒன்று, அதுவும் பாதி. ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே 12 சென்டிமீட்டர் தளம். பெண்கள் விடுதியில் மட்டும் வெப்பம் இரண்டு, மூன்று டிகிரி கூடுதலாக உணரப்பட்டதற்கு இயற்பியல் மட்டும் காரணமில்லை. கட்டடத் துறையில் இத்தனை நாள் இருந்த பிறகும், வெப்பநிலைக் கணக்குகளில் ஜன்னலைத் திறக்கலாமா என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று ஒரு கட்டம் இருந்து நான் பார்த்ததில்லை.

கேட்டோம். எழுதிக் கொடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் துணியைப் பிடித்துக்கொண்டோம். துணி காயப்போட ஆறு மணி வரை அனுமதி இருக்கிறதல்லவா? ஐந்தரைக்குத் துவைக்க ஆரம்பிப்போம். கடைசி அலசலைக் கீழே செய்யாமல், வாளித் தண்ணீரோடு துணியை மேலே தூக்கிக்கொண்டு போய், அங்கே பிழிந்து கொடியில் போட்டு, மிச்சத் தண்ணீரைத் தளத்தில் கொட்டிவிடுவோம். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் விடுதியில் நல்ல தண்ணீரைத் தரையில் ஊற்றினால் வார்டன் விடமாட்டார், நியாயமும் இல்லை. அலசிய தண்ணீர் எப்படியும் சாக்கடைக்குப் போவதுதான். கணக்குப் பார்த்தால், முன்பு சொன்ன எட்டு யூனிட் வெப்பத்தை முழுவதும் எடுத்துப்போக 13 லிட்டர் தண்ணீர் ஆவியானால் போதும். அறைக்கு ஒரு வாளிகூட இல்லை. கொட்டுவதில் பாதி வடிந்து ஓடிவிடும், கான்கிரீட்டின் அடிப்பகுதிச் சூடு மேலே வந்து சேர நேரம் எடுக்கும் என்பதால் நடைமுறையில் அவ்வளவு பலன் வராது. ஆனாலும் வித்தியாசம் தெரிந்தது. சமையலறையிலிருந்து பழைய அரிசிச் சாக்குகளை வாங்கி எங்கள் அறைக்கு மேலே விரித்து அதன்மேல் ஊற்ற ஆரம்பித்த பிறகு நன்றாகவே தெரிந்தது. சாக்கு தண்ணீரை ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஒன்பது மணிக்கு எங்கள் உட்கூரையைக் கட்டில் மேல் ஏறி நின்று தொட்டுப் பார்ப்பது ஒரு சடங்காகிவிட்டது.

தாழ்வாரத்தில் தூங்குவதற்கும் முதலில் தடை இருந்தது. ஒரு மே மாத இரவில் மின்சாரம் போய், மேல்மாடி முழுவதும் பாயைச் சுருட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்துவிட்டது. அத்தனை பேரை எழுப்பி உள்ளே அனுப்ப யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அதற்கு மேல் அந்தத் தடையை யாரும் நினைவுபடுத்தவில்லை. ஒரு குறிப்பு: படுக்கை விஷயத்தில் பாய்க்கு நிகர் எதுவும் இல்லை. ஃபோம் மெத்தை உடம்பைச் சுற்றி அமுங்கி, முதுகு வியர்வையை உலரவிடாது. பத்தமடைப் பாய் எல்லாம் வேண்டாம், சந்தையில் கிடைக்கும் சாதாரணக் கோரைப்பாயே போதும். பிளாஸ்டிக் பாய் மட்டும் வேண்டாம்.

ஏ.சி. இல்லாத தங்கும் விடுதி என்றாலே வெந்து சாக வேண்டும் என்று விதி இல்லை. வேலூரிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம் போனால் புதுச்சேரியில் 'கோல்கொண்டே' இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமவாசிகள் தங்குவதற்காக 1937-இல் கட்டத் தொடங்கிய விடுதி. வடிவமைத்தவர் ஆன்டனின் ரேமண்ட், செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் வேலை செய்த கட்டடக் கலைஞர். அங்கே இருந்து கட்டுமானத்தை மேற்பார்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் நாகஷிமா, பிற்பாடு அமெரிக்காவில் மரச்சாமான்களுக்காகப் புகழ் பெற்றவர். ஹைதராபாத் அரசின் திவானாக இருந்த அக்பர் ஹைதரி ஏற்பாடு செய்த நன்கொடையால், ஹைதராபாத்தை ஒட்டிய கோல்கொண்டாவின் பெயர் அதற்கு.

படிக்கும்போது படமாகப் பார்த்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு அனுமதி வாங்கி உள்ளே போனேன். வடக்கும் தெற்கும் பார்த்த இரண்டு நீள முகங்களிலும் ஜன்னல் என்று தனியாக எதுவும் இல்லை. முகம் முழுவதுமே கிடைமட்டமான திருப்புப் பலகைகள். வேண்டிய அளவுக்குத் திறக்கலாம், மூடலாம். ஒரு பக்கம் நடைபாதை, மறு பக்கம் அறைகள். நடுவில் தேக்குச் சட்டங்களால் ஆன நகரும் கதவு, அதன் இடைவெளி வழியாகக் காற்று போகும், பார்வை போகாது. எனக்கு அந்தக் கதவின் முன்னால்தான் நெஞ்சு எரிந்தது. பெண்பிள்ளைகளை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று எங்கள் ஜன்னலில் ஆணி அடித்தார்களே, அந்தப் பிரச்சினைக்கு 1930-களிலேயே ஒரு தச்சர் செய்யக்கூடிய தீர்வு இருந்திருக்கிறது. கூரையும் இரட்டை. கான்கிரீட் தளத்துக்கு மேலே சின்னச் சின்ன வளைந்த கான்கிரீட் ஓடுகளை அடுக்கி, நடுவில் காற்று ஓட இடைவெளி விட்டிருக்கிறார்கள். வெயில் ஓட்டோடு நின்றுவிடுகிறது, தளம் நிழலில் இருக்கிறது. புதுச்சேரி கடற்கரை ஊர், ஈரத்துணி வித்தை அங்கே செல்லாது. அதனால் அவர்கள் காற்றோட்டத்தையும் நிழலையும் மட்டுமே நம்பிக் கட்டினார்கள். அது அன்றும் கான்கிரீட் கட்டடம்தான். கான்கிரீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

சாப்பாட்டைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. நீர்மோர், கேழ்வரகுக் கூழ், வெள்ளரிப்பிஞ்சு, நுங்கு என்று எல்லோரும் சொல்வதையே நானும் சொல்வேன். எது உடம்பில் சூட்டைக் கிளப்பும், எது தணிக்கும் என்ற பட்டியலை உங்கள் பாட்டி என்னைவிட நன்றாகச் சொல்வார். அதைவிட முக்கியமானது பேசப்படுவதில்லை: விடுதிப் பெண்கள் தண்ணீர் குடிப்பதே இல்லை. வகுப்புக் கட்டடத்தில் கழிப்பறை சரியில்லை, இடைவேளையில் வரிசை நீளம், ஆகவே காலையிலிருந்து மாலை வரை ஒரு புட்டித் தண்ணீரோடு ஓட்டிவிடுவார்கள். கோடையில் சிறுநீர்த் தொற்று வராத அறையே எங்கள் மாடியில் இல்லை. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை என்று பொருள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தவை. வியர்த்துக் கொட்டிச் சோர்ந்தவர்களுக்கு இது கைகண்ட மருந்து. ஆனால் ஒருத்தி உளற ஆரம்பித்தால், நடை தடுமாறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால், வாயில் எதையும் ஊற்றிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடல் முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறிவிட வேண்டும். அந்த நேரத்தில் துப்பட்டா, வார்டன் அனுமதி எதையும் பார்க்கக் கூடாது. தமிழக அரசே 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது.

கூலர் கேள்விக்கு வருகிறேன். வேலூரில் வாங்கலாம். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் காற்றை அது இழுக்கும்படி வைக்க வேண்டும், எதிர்ப்பக்கம் ஒரு திறப்பு இருக்க வேண்டும். கதவை மூடிக்கொண்டு ஏ.சி. போல ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் அறை சென்னையாகிவிடும். விடுதி விதி அனுமதிக்கவில்லை என்றால் புடவையும் மேசை விசிறியும் ஏழைகளின் கூலர்.

ஆனால் அவள் அறையின் சூடு தளத்திலிருந்து வருகிறது. தளத்துக்கு வைத்தியம் சுண்ணாம்பு. வெள்ளையடித்த தளம் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், எங்கள் சாக்கு வித்தையின் தேவையே இருக்காது. நீற்றிய சுண்ணாம்போடு கொஞ்சம் வெள்ளை சிமென்ட்டும் பசையும் கலந்து இரண்டு, மூன்று கை அடிக்க வேண்டும். தளத்தை முதலில் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாசியையும் தூசியையும் எடுக்காவிட்டால் உரிந்துவரும். நனைத்துவிட்டு, அதிகாலையில் அடித்து, சில நாள் தண்ணீர் தெளித்து வர வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் சட்டென்று உலர்ந்து பொடியாகிவிடும். எனவே பிப்ரவரியே சரியான நேரம். மழைக்காலம் கழிந்தால் வெண்மை போய்விடும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் தரச் சான்றுக் குழு வருகிறது என்றால் முகப்புச் சுவருக்கு இரண்டு கை பெயிண்ட் விழும். மொட்டைமாடியை யாரும் ஏறிப் பார்ப்பதில்லை என்பதால் அதற்குப் பணம் கிடையாது.

யாரிடம் கேட்பது என்று சித்தி மகளுக்குத் தெரியவில்லை. வார்டனிடம் போக வேண்டாம் என்று சொன்னேன். கட்டடப் பராமரிப்பு அலுவலகத்துக்கு எழுது. கடிதத்தில் வெக்கை, தூக்கமின்மை என்று ஆரம்பித்தால் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம் என்று பதில் வரும். தளத்தில் விரிசல் இருக்கிறது, அடைமழையில் கசியும் என்று எழுது. அது பொய்யும் இல்லை. பகலில் விரிந்து இரவில் சுருங்குகிற எந்தத் தளத்திலும் மயிரிழை விரிசல் இருக்கும், அதை அடைப்பதற்கும் இந்தச் சுண்ணாம்புக் கலவை கொஞ்சம் உதவும். கசிவு என்ற சொல்லைப் பார்த்தால் பொறியாளர் மறுநாளே ஏணியோடு வந்துவிடுவார். அவர் வரும்போது மாடிக் கதவைத் திறந்துதானே ஆக வேண்டும்? கூடவே நீயும் ஏறிப் போ.